பயிர்க் காவலுக்குத் துப்பாக்கியாம்!

போன வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, விவசாயிகள் எல்லோருக்கும் துப்பாக்கி உரிமம் தர வேண்டும் என்று கலெக்டருக்கு எழுதிய மனு. "ரிட்டயர்டு வி.ஏ.ஓ. நீங்க, முதல் கையெழுத்து நீங்க போடுங்கய்யா" என்றார்கள். நான் போடவில்லை. "அவருக்கென்ன, பென்ஷன் வருது. பன்னி தின்னா என்ன, யானை தின்னா என்ன" என்று ஒருவர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பன்றி செய்யும் அழிமானம் எனக்குத் தெரியாதது அல்ல. தர்மபுரி மாவட்டத்தில் காட்டை ஒட்டிய கிராமங்களில் அடங்கல் எழுதியவன் நான். ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால், விடியும்போது நிலக்கடலைக் கொல்லை ஏர் ஓட்டிப் போட்டது மாதிரி கிடக்கும். வரப்பில் உட்கார்ந்து அழுத பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோபம் நியாயம். கேட்கிற மருந்துதான் தப்பு.

பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி என்பது புதிதும் அல்ல. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. முன்பக்கம் மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பு என்று காட்டி உரிமம் கேட்கலாம். ஆனால் உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டத்தான் முடியும். அந்தச் சத்தத்துக்கு ஒரு வெடி போதாதா?

அப்படியிருக்க, யார்தான் உரிமம் வாங்கினார்கள்? அறிக்கை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். பரண்மேல் பனியில் படுத்துக் காவல் காத்தவன் ஒருவனும் என்னிடம் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் பெரிய வீட்டுக்காரர்கள். துப்பாக்கி அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கொல்லைக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

அப்படி ஒருவருக்கு நானும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து, கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பி தகராறு வந்தது. அண்ணன் உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து மேலே பார்த்து ஒரு வெடி வெடித்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, கேஸும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் தம்பி தன் பங்கை விட்டுக் கொடுத்துவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு பெங்களூருக்கு மேஸ்திரி வேலைக்குப் போய்விட்டார். சுடாமலே காரியம் முடிந்தது. அந்த அறிக்கையின் அடியில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. இன்னொரு காகிதத்தில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் துப்பாக்கி பெருகினால் அது பன்றியை நோக்கி நிற்காது. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் பாகப்பிரிவினைக்கும்தான் வெளியே வரும். இப்போது அரிவாளோடு நிற்கிற சண்டைகள் நாளைக்கு எதில் போய் நிற்கும்?

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தல் மார்ச் 16ஆம் தேதி அறிவித்து, ஜூன் 4ஆம் தேதிதான் ஓட்டு எண்ணினார்கள். எங்கள் பக்கத்து உரிமத் துப்பாக்கிகள் அத்தனை நாளும் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தன. அதனால் பன்றி கூடுதலாக இறங்கியது என்று ஒரு விவசாயியாவது சொன்னாரா? நான் கேட்கவில்லை.

"துப்பாக்கி கொடுக்காததால்தான் கரண்ட் வைக்கிறான்" என்பார்கள். திருட்டு மின்வேலியின் கொடுமை நமக்குத் தெரியும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் பன்றிக்கு வைத்த கம்பியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. யானை செத்தால் பேப்பரில் வருகிறது. தண்ணீர் பாய்ச்சப் போன மனிதன் அடுத்தவன் கம்பியில் விழுந்தால் மூலையில் நாலு வரி. ஆனால் கம்பி கட்டுகிறவன் ஏன் கட்டுகிறான்? ராத்திரி தூங்குவதற்காக. துப்பாக்கியைக் கொடுத்தால் அவன் விடிய விடிய விழித்திருப்பானா? துப்பாக்கியும் இருக்கும், கம்பியும் இருக்கும்.

குடகைக் காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே கொடவர்களுக்கு உரிமம் வாங்குவதிலிருந்து 2029 வரை விலக்கு இருப்பது உண்மை. அது அவர்கள் பரம்பரை மரபுக்காகக் கொடுத்தது. அவ்வளவு துப்பாக்கி இருந்தும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்குள் யானை வருவது நின்றுவிட்டதா?

2025 ஜனவரியில் நம் அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சுடுகிற வேலை அதற்கென்று பயிற்சி பெற்று, பதில் சொல்லக் கடமைப்பட்டவன் கையில் இருப்பது சரிதான். ஆனால் அந்த முதல் கிலோமீட்டரில்தானே அடி அதிகம்? அங்கே இருப்பவனுக்கு என்ன வழி? மனுவில் கேட்க வேண்டியது இதை அல்லவா?

காட்டோரத்து நிலங்களுக்கெல்லாம் உயிரைக் கொல்லாத சூரிய மின்வேலியை அரசே போடட்டும். சேதம் நடந்தால் ஒரு மாதத்துக்குள் பணம் வரட்டும். வனத்துறை, வருவாய்த்துறை, வேளாண்துறை என்று விவசாயியை நடக்க விடாமல், மூன்று பேரும் ஒரே நாளில் கொல்லைக்கு வந்து பார்க்கட்டும். அந்த அலைச்சலை உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

காவல் அரசின் வேலை. அந்த வேலையைத் துப்பாக்கியாக நம் தோளில் மாட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள நாமே ஏன் மனு கொடுக்க வேண்டும்? இதையெல்லாம் கேட்டு வேறொரு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.