ஓடினால்தான் வண்டி

நவராத்திரி வந்துவிட்டால் மாதுங்கா, செம்பூர், வாஷி தமிழ்க் குடும்பங்களில் ஒரு விநோதம் நடக்கும். வங்கியில் அதிகாரியாகவோ கம்பெனியில் கணக்கு மேலாளராகவோ இருக்கும் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் குப்புறப் படுத்திருப்பார். கொலுப் படிக்குக் கீழே போட்டிருக்கும் 'பார்க்'கில் பொம்மை ரயில் வளைவில் கவிழாமல் சுற்ற வேண்டும். குட்டி பம்ப் நீரூற்றைப் பீய்ச்ச வேண்டும். டிரங்குப் பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி ஒன்பது படி கட்டும் மாமியோ, எந்தப் படி எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கட்டடப் பொறியாளரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு பாராட்டிவிட்டுப் போவார்கள். யாரும் சிரிப்பதில்லை.

விஜயதசமி முடிந்ததும் ரயிலும் பம்ப்பும் பரணுக்குப் போய்விடும். அதே மாமா, மழை கொட்டும் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் லெகோ கட்டைகளையும் பல்சக்கரங்களையும் ஒரு சின்ன மோட்டாரையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் வீடே கவலைப்படும். "ஆபீசில் ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாக விசாரிப்பார்கள். விளையாடும் உரிமம் வளர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்பது நாள்தான் செல்லும். அதுவும் சாமி பெயரால்.

வேறு பல நாடுகளில் இந்த உரிமத்தை எப்போதோ நீட்டித்துவிட்டார்கள். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932-ல் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப்பொம்மை செய்யத் தொடங்கியதுதான் லெகோ கம்பெனியின் ஆரம்பம். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் இந்தப் பெயர். மேலே குமிழும் உள்ளே குழாயுமாகக் கவ்விப் பிடிக்கும் இன்றைய கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கோரினார்கள். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு இன்னமும் பொருந்துகிறது. 1966-ல் 4.5 வோல்ட் மோட்டாரில் ஓடும் ரயில் வந்தது. பின்னாளில் 'டெக்னிக்' என்று பெயர் பெற்ற, அச்சும் பல்சக்கரமும் துளையிட்ட சட்டங்களும் கொண்ட வரிசை 1977-ல் வந்தது. கணினியால் இயக்கும் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' 1998-ல் தொடங்கி 2022 முடிவில் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே பெட்டிகளில் '18+' என்று அச்சிட்டு விற்கும் காலமும் வந்துவிட்டது. வாங்குகிறவர் யார் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

வீடு, கோட்டை, தாஜ்மகால் என்று அசையாத மாடல்களைக் கட்டுவது ஒரு வகை. மோட்டார் வைத்துக் கட்டுவது வேறு வகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்கு சொல்லும். ஒரே நிறத்தில், எட்டுக் குமிழ் கொண்ட கட்டைகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதங்களில் இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அசையாத மாடலில் இவற்றில் எதுவுமே தப்பு இல்லை. பார்வைக்கு அழகாக இருந்தால் போதும். மோட்டாரைப் பொருத்திவிட்டால் நிலைமை மாறுகிறது. அது தாட்சண்யம் பார்க்காத தேர்வாளர். கட்டியவரின் வயது, பட்டம், சம்பளம் எதையும் கேட்காது. சரியாக இருந்தால் சுற்றும், இல்லாவிட்டால் முனகும்.

வாஷிக்காரர்களுக்குத் தோதான ஒரு மாடல், லிஃப்ட். சிட்கோ திட்டமிட்டுக் கட்டிய இந்த ஊருக்கு 1973-ல் கழிமுகத்தின் மேல் சாலைப் பாலமும், 1992-ல் மான்குர்த்திலிருந்து மின்சார ரயிலும் வந்தன. அந்த வழியாக வந்து உயரமான அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள் தினமும் நான்கு முறையாவது லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். அது ஏன் விழுவதில்லை என்று யோசிப்பதில்லை.

மேஜையில் ஒரு லிஃப்ட் கட்ட முயன்றால் யோசித்தே ஆக வேண்டும். முதலில், மோட்டாரின் அச்சிலேயே நூலைச் சுற்றிப் பெட்டியைத் தூக்கப் பார்ப்பார்கள். மோட்டாருக்கு வேகம் உண்டு, வலு இல்லை; பெட்டி நகராது. அப்போதுதான் பல்சக்கரத்தின் தேவை புரியும். 8 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். உராய்வில் போவது போக, திருகும் வலு ஏறக்குறைய ஐந்து மடங்காகும். சமையலறையில் இருக்கும் வெட் கிரைண்டர் இதைத்தான் பெல்ட்டும் கப்பியும் வைத்துச் செய்கிறது. மோட்டார் பறக்கிறது, கல் நிதானமாகச் சுற்றுகிறது. பாட்டியின் தையல் மெஷின் இதற்கு நேர்மாறு: கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், கால் மெதுவாக மிதித்தாலும் ஊசி விரைகிறது.

இப்போது பெட்டி ஏறும். மோட்டாரை நிறுத்தியதும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இதற்குத் திருகாணி போன்ற புரியுள்ள 'வார்ம்' சக்கரம் வேண்டும். வார்ம் மற்ற சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தால் வார்மைத் திருப்பிச் சுழற்ற முடியாது. எனவே பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். 24 பல் சக்கரத்தோடு இதைச் சேர்த்தால் மோட்டார் 24 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும்.

அடுத்த தொல்லை சுவரில் ஆரம்பிக்கும். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளும் வேகத்தில் குமிழ்ப் பிடிப்பு விட்டு, கட்டைகள் மெல்லப் பிளக்கும். பற்கள் 'டக், டக்' என்று தாவும். நெட்டுக்குத்தாக ஒரு சட்டத்தைக் குறுக்கே போட்டு இறுக்கினால் சரியாகும். ஆனால் துளைகள் நேருக்கு நேர் வராது. குமிழ்களுக்கு இடையே தூரம் 8 மி.மீ., கட்டையின் உயரமோ 9.6 மி.மீ. விடை தட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டும் 3.2 மி.மீ. கனம். துளையுள்ள இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரண்டு தட்டுகளைச் செருகினால் துளைக்குத் துளை சரியாக 16 மி.மீ., அதாவது இரண்டு குமிழ் தூரம். சட்டம் அப்படியே உட்கார்ந்துவிடும். இதைத் தானாகக் கண்டுபிடிக்கிறவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. சந்தோஷத்தில்தான்.

கடைசியாக, நூலின் மறுமுனையை ஒரு கப்பியின் மேல் போட்டு, பெட்டிக்குச் சமமான எடையைத் தொங்கவிட்டால், அதுவரை திணறிய மோட்டார் சிரமமில்லாமல் ஓடும். அடுக்குமாடி லிஃப்டின் எதிர் எடை என்ன செய்கிறது என்பது, படித்துத் தெரிந்துகொண்டதாக இல்லாமல், விரல் நுனியில் பட்டதாக இருக்கும்.

இதையெல்லாம் பெரியவர்கள் செய்வது கௌரவக் குறைவா? சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. லெகோவுக்கு முன்னோடியாக, துளையிட்ட இரும்புப் பட்டைகளும் நட்டு போல்ட்டும் கொண்ட மெக்கானோவுக்கு லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை பெற்றார். 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீயும் மாணவர் ஆர்தர் போர்ட்டரும், வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு விடை காணும் கணிப்பொறி ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ பாகங்களாலேயே கட்டினார்கள். அது வேலை செய்த பிறகுதான் முழு அளவு இயந்திரம் உருவானது. கடலடியில் மூழ்கிய கப்பலில் கிடைத்த பழங்காலக் கிரேக்க வானியல் கருவி 'ஆன்டிகிதெரா'. கிரகணங்களை முன்கூட்டிச் சொல்லும் அந்த அமைப்பை, அமெரிக்கப் பொறியாளர் ஆண்ட்ரூ கரோல் லெகோ பல்சக்கரங்களால் கட்டி 2010-ல் உலகுக்குக் காட்டினார். 2018-ல் லெகோ கம்பெனியே முழு அளவு புகாட்டி கார் ஒன்றைச் செய்தது. 2,300-க்கும் மேற்பட்ட பொம்மை மோட்டார்கள் ஒன்றுசேர்ந்து சுமார் ஒன்றரை டன் எடையையும் ஓட்டுநரையும் மணிக்கு 20 கி.மீ.க்கும் அதிக வேகத்தில் நகர்த்தின. தனியாக ஒரு தீப்பெட்டியை இழுக்கும் மோட்டார்கள்தான் அவை.

தமிழர்களுக்கு, அதிலும் மும்பைத் தமிழர்களுக்கு, இதில் பொழுதுபோக்குக்கு மேலான விஷயம் ஒன்று இருக்கிறது. அன்றைய பம்பாய்க்கு ரயிலேறி வந்த நடுத்தர வர்க்கத் தமிழர்களுக்கு வாழ்வு கொடுத்தது டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கணக்குப் புத்தகமும். அவர்களுடைய பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். பேரப் பிள்ளைகள் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வீட்டில் மூன்று பொறியாளர்கள் இருந்தும் மிக்ஸி நின்றுபோனால் தெருமுனைக் கடைக்குத்தான் போகிறது. ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பது வேறு யாரோ செய்யும் வேலை என்ற எண்ணம் படிப்போடு சேர்ந்தே வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பொம்மையைக்கூடக் குழந்தை உடைத்துவிடும் என்று ஷோகேசில் பூட்டி வைத்த வம்சம் இது.

அதே நகரத்தில், தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில், இதற்கு மறுபக்கத்தைப் பார்க்கலாம். லெகோ கட்டை 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. பழைய டி.வி. பெட்டிகளிலும் கணினி உறைகளிலும் பரவலாக உள்ள பொருள்தான். கழிவாக வரும் பிளாஸ்டிக்கைத் தாராவித் தொழிலாளர்கள் ரகம் பிரித்து, அரைத்து, மறுபடி மணிகளாக்குகிறார்கள். பொருளைத் தொட்டு அறியும் கை அங்கே இருக்கிறது; அதற்குப் பட்டம் இல்லை. பட்டம் உள்ள இடத்தில் கை இல்லை. ஒரு பெட்டி பிளாஸ்டிக் கட்டை இந்த இடைவெளியை இட்டு நிரப்பிவிடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் இடைவெளி இருக்கிறது என்பதை, படித்தவருக்கு, அவருடைய சாப்பாட்டு மேஜையிலேயே உணர்த்திவிடும்.

தடைகள் இல்லாமல் இல்லை. முதல் தடை விலை. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. பில்லுண்டிலிருந்து வரும் பெரிய பெட்டி மட்டும் எட்டாக்கனியாகிவிட்டது. மாற்று வழிகள் உண்டு. கட்டையின் மூலக் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் வடிவத்தை வணிகச் சின்னமாக்கித் தனி உரிமை கொண்டாட முயன்ற வழக்குகளில் 2005-ல் கனடா உச்ச நீதிமன்றமும் 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. எனவே, பொருந்தக்கூடிய கட்டைகளை வேறு கம்பெனிகளும் செய்கின்றன. கட்டைகளின் பிடிப்பு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நம் ஊரில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான 'மெக்கானிக்ஸ்' இரும்புப் பட்டைகளைத் தூசி தட்டி எடுத்து, லாமிங்டன் ரோடில் ஒரு குட்டி மோட்டார் வாங்கி இணைத்தாலும் பல்சக்கரத்தின் பாடம் ஒன்றுதான்.

இரண்டாவது தடை இடம். ஹாலே படுக்கையறையாகவும் படிப்பறையாகவும் இருக்கும் மும்பை வீட்டில், பாதி கட்டிய மாடலை யார் காலும் படாமல் வைப்பதற்கு ஒரு மூலை வேண்டும். ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்துக் கட்டினால் இரவில் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மூன்றாவது தடை அப்பாக்களே. மகனுக்கோ மகளுக்கோ என்று வாங்கிய பெட்டியைப் பிரித்து, விளக்கப் படங்களைப் பார்த்துத் தாமே கட்டி முடித்து, குழந்தையைப் பார்வையாளராக்கிவிடுவார்கள். இதைவிடத் தனக்கென்று தனிப் பெட்டி வாங்கிக்கொள்வது நேர்மை. அப்பா கட்டியது ஓடாமல் போவதையும், அவர் கோபப்படாமல் பிரித்து மறுபடி கட்டுவதையும் குழந்தை பார்க்கட்டும். மதிப்பெண் 99 வந்தால் மீதி ஒன்று எங்கே என்று கேட்கும் வீடுகளில் அது அபூர்வமான காட்சி.

பலன் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சம்பளம் உயராது, பதவி வராது. ஆனால் வாஷி அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் நின்றுபோகும் நாளில் ஒரு சின்ன வித்தியாசம் தெரியும். கருவிப் பையோடு வரும் மெக்கானிக்கிடம் மற்றவர்கள் எல்லோரும் "எப்போ சரியாகும்?" என்று அவசரப்படுத்துவார்கள். தன் மேஜையில் நான்கு முறை லிஃப்ட் விழுந்து எழுந்தவர் மட்டும், "பிரேக்கா, கியரா?" என்று கேட்பார். மெக்கானிக் திரும்பிப் பார்ப்பார். அன்றுதான் முதல் தடவையாக அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள்.