அங்கே மரம் நடாதீர்கள்

மரம் இல்லாத மலை என்றால் அது அழிக்கப்பட்ட மலை. இந்த எண்ணம் நம்மிடையே கேள்வி கேட்பாரில்லாமல் உலவுகிறது. நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து மேல்பவானிக்குப் போகும் வழியில் புல் மூடிய மேடுகளைப் பார்த்ததும், "எவ்வளவு பெரிய காடு இருந்திருக்கும், எல்லாவற்றையும் வெட்டித் தீர்த்துவிட்டார்களே" என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. அந்த வருத்தம் போலியானதல்ல. ஆனால் அதுவேதான் கன்றும் கடப்பாரையுமாக மலையேறுகிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் உச்சிப் புல்வெளிகள் அழிந்ததில் பேராசைக்கு மட்டுமல்ல, இந்த நல்லெண்ணத்துக்கும் பங்கு உண்டு.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டருக்கு மேல் இந்த மலைகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இடைப்பட்ட நிலமே கிடையாது. அடர்ந்த இருட்டிலிருந்து நாலு எட்டு வைத்தால் திறந்த வெளி. யாரோ கோடு போட்டு வெட்டியதுபோல் தெரிகிறதே என்று கேட்பது இயல்புதான். அந்தக் கோட்டைப் போட்டது மனிதர் அல்ல. மண்ணின் ஆழமும் சரிவின் வளைவும் இரவின் குளிரும் சேர்ந்து போட்டது அது.

ஒரு சரிவை உச்சியிலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தால் இது விளங்கும். முகட்டில் பாறைமேல் படிந்த மண் மிக மெல்லியது. மழை நின்ற சில நாட்களிலேயே காய்ந்துவிடும்; காற்றும் ஓயாது. அங்கே ட்ரைபோகான் போன்ற குட்டைப் புற்கள் பாறை இடுக்கைப் பற்றிக்கொண்டு நிற்கும். சற்று இறங்கினால் மண் கனக்கிறது; கிரைசோபோகான், யூலாலியா, அருண்டினெல்லா எனத் தூர்கட்டி வளரும் புற்கள் சரிவை நிறைக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிப் புதர் நிற்பதும் இந்தத் திறந்த சரிவுகளில்தான். பாறையிலிருந்து நீர் கசியும் இடங்களில் மண்ணில் சத்தே இருக்காது. பூச்சியைப் பிடித்து அந்தக் குறையை ஈடுகட்டும் அழுகண்ணிக்கு அதுதான் ஏற்ற இடம். மலை மடிந்து உள்வாங்கும் இடத்தில் ஆழமான மண், ஓடைநீர், காற்றுக்கு மறைப்பு மூன்றும் கிடைக்கின்றன. சோலை அங்கே உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கும் கீழே, பள்ளத்தாக்கின் தரையில், மண் இன்னும் ஆழம், ஈரமும் அதிகம். அப்படியானால் பெரிய மரங்கள் அங்கல்லவா இருக்க வேண்டும்? ஆனால் அங்கே இருப்பது கறுத்த சதுப்பு, கோரை, எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற நீலகிரிக்கே உரிய ஒரு புல். இந்த மலையில் எருமை மேய்க்கும் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்குத் தேடிப்போய் அறுப்பது இந்தச் சதுப்புப் புல்லைத்தான். மரம் வராததற்கு முதல் காரணம், வேர் மூச்சுவிட முடியாதபடி தேங்கும் நீர். இரண்டாவது காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமற்ற இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே வழிந்து, பள்ளத்தில் தேங்குகிறது. விடியும்போது புல்லின்மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருக்க, சோலைக்குள் இலைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். சோலை மரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டலக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் நாற்று திறந்தவெளியில் முளைத்தாலும் ஒரு பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. மேல் நீலகிரியில் சோலை நாற்றுகளைப் புல்வெளியில் நட்டுப் பார்த்து 2020இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரக் கன்று அந்தப் பனியைத் தாங்கிக்கொள்கிறது.

புல்லிடையே தானாக வளரும் மரம் ஒன்றும் உண்டு. சிவந்து பூக்கும் காட்டுப்பூவரசு, ஆங்காங்கே தனித்தனியே நிற்கும். தடித்த பட்டை அதற்குத் தீயிலிருந்து காப்பு. அந்த மண்ணும் குளிரும் அனுமதிக்கும் அளவு மரம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

"இதெல்லாம் இப்போது சொல்வது; ஆதியில் முழுக்கக் காடுதான், ஆதிவாசிகள் எரித்து மேய்த்துப் புல்லாக்கிவிட்டார்கள்" என்பது எதிர்வாதம். இதில் அறிஞர்களிடையேயும் பழைய வழக்கு உண்டு. 1938இலேயே ரங்கநாதன், உறைபனியே புல்வெளியை நிலைநிறுத்துகிறது என்று எழுதினார். தீயே காரணம் என்றார் போர் என்ற தாவரவியலாளர். தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் காட்டை வெட்டியதால் புல் பிறந்தது என்ற கதையைச் சதுப்புகளே முடித்துவைத்துவிட்டன. புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு. அந்த வேறுபாடு சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் பதிந்து கிடக்கிறது. சுகுமார், ரமேஷ் முதலியோர் நீலகிரிச் சதுப்பை ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட பனியுகக் காலத்திலேயே இங்கே புல் ஓங்கியிருந்திருக்கிறது. பிறகு மழை மிகுந்த காலங்களில் மரங்கள் பரவியிருக்கின்றன. கோடரியும் தேயிலையும் இந்த மலைக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது இது. தோடர்களின் எருமைகள்மீது பழி போடுவது அநியாயம்.

மலையை உண்மையில் மாற்றியவர்கள் யார்? கம்பெனி ஆட்சியில் வந்தவர்களின் கண்ணுக்குப் புல்வெளி வரி தராத நிலம். விறகுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசே அதைப் பல மடங்காக்கியது: பட்டை தோல் பதனிட, மரம் ரேயான் கூழுக்கு. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. மரத்தோட்டங்களும் விவசாயமும் அதைத் தின்றுவிட்டன. இதைத்தான் நாம் "பசுமை" என்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வரையாட்டுக்கு அந்தப் பசுமையில் மேய ஒன்றும் இல்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னஞ்சிறு பறவைக்குக் கூடுகட்ட இடம் இல்லை.

மரம் இருந்தால் தண்ணீர் பெருகும் என்று சொல்லும்போது நமக்கு ஆதாரம் தேவைப்படுவதே இல்லை. கிளன்மார்கனில் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதகை மையம் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அளந்தது. ஒன்றில் இயற்கைப் புல்லை அப்படியே விட்டார்கள். மற்றதன் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். நட்டதில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டைகள் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. பைக்காரா மின்நிலையங்களும் பவானிப் பாசனத்து ஈரோட்டு வயல்களும் இந்த மலைநீரை நம்பியிருப்பவை. மழைக்காலத்தில் வாங்கிய நீரைப் புல்வேரும் மட்கிய கருமண்ணும் பிடித்து வைத்து, கோடையில் மெல்ல விடுகின்றன. மரம் நட்டால் காற்றின் கரி குறையும் என்கிறவர்களுக்கும் பதில் உண்டு: புல்வெளி தன் கரியை மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது, அங்கே தீயால் அதை எளிதில் தொட முடியாது.

சீகைத் தோட்டங்களுக்குள் சோலைக் கன்றுகள் முளைப்பதைக் காட்டி, "பார், மரம் நட்டால் காடு வருகிறது" என்பவர்களும் உண்டு. முளைப்பது உண்மை. சீகையின் நிழல் உறைபனியைத் தடுப்பதால், பக்கத்துச் சோலையின் விதைகள் பிழைக்கின்றன. பழைய தோட்டங்களில் அப்படி வரும் கன்றுகளைக் காக்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டித்தள்ளுவது முட்டாள்தனம். சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும். வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கே ஆயிரக்கணக்கில் எழும்பும். ஆனால் தோட்டத்தின் விளிம்பிலிருந்து நல்ல புல்வெளிக்குள் நுழையும் கன்றுகளை ஒவ்வோர் ஆண்டும் கையால் பிடுங்க முடியும். முதலில் செய்ய வேண்டிய வேலை அது. அதற்குக் கூலி கொடுக்கப் பணமில்லை என்கிறவர்கள், குழிவெட்டிக் கன்று நட ஒதுக்கும் பணத்தை இதற்குத் திருப்பட்டும்.

ஏடுகளையும் திருத்தியாக வேண்டும். வருவாய்க் கணக்கில் புல் நிலம் இன்னும் தரிசு. மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பு 2000 முதல் பல பதிப்புகள் கண்டும் நாட்டின் புல்வெளிகளும் புதர்வெளிகளும் அதிலிருந்து வெளியே வரவில்லை. வேறெங்கோ காட்டை அழித்ததற்கு ஈடாக நடப்படும் மரங்கள் எந்த நிலத்தைத் தேடிப்போகின்றன என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. உச்சிப் புல்வெளிகள் தனி வகையாகப் பெயர் சொல்லிப் பதியப்பட வேண்டும். அங்கே மரம் நடுவது எந்தத் திட்டத்தின் கணக்கிலும் பசுமைப் பணியாகச் சேரக்கூடாது.