தலைமைச் சண்டையும் ஆளில்லாத தொகுதியும்

சோளிங்கர் சட்டமன்றத் தொகுதிக்கு 2017 செப்டம்பர் 18 முதல் 2019 மே 23 வரை எம்.எல்.ஏ. இல்லை. ஜெயலலிதாவுக்குப் பின் அ.தி.மு.க.வின் தலைமை யாருக்கு என்ற சண்டை அந்த இருபது மாதங்களை விழுங்கியது. எந்தக் கட்சியில் யார் தலைவராவார், யார் கழற்றிவிடப்படுவார், அது அடுத்த பொதுத் தேர்தலை எப்படி மாற்றும் என்ற ஊகங்கள் தொலைக்காட்சி விவாதம் முதல் டீக்கடை பெஞ்ச் வரை ஓயாமல் நடக்கின்றன. அதற்கெல்லாம் தண்டம் கட்டுவது வாக்காளர் என்பது மட்டும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். மாத இறுதியில் சசிகலா தற்காலிகப் பொதுச் செயலாளர் ஆனார். பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் முதல்வர் பதவியிலிருந்து விலகி ஜெயலலிதா நினைவிடத்தில் அமர்ந்தார், எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதிக்குப் போனார்கள்; சொத்துக்குவிப்பு வழக்கில் சசிகலா சிறை சென்றார்; எடப்பாடி பழனிசாமி முதல்வரானார். ஆகஸ்ட் 21-ல் பழனிசாமி, பன்னீர்செல்வம் அணிகள் இணைந்தன. மறுநாளே டி.டி.வி. தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 19 பேர், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட, மற்ற 18 பேரைப் பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்தார். சோளிங்கரின் என்.ஜி. பார்த்திபன் அவர்களில் ஒருவர். ஆம்பூர், குடியாத்தம் எம்.எல்.ஏ.க்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அன்றைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் மூன்று தொகுதிகள் ஒரே நாளில் ஆளில்லாமல் போயின.

அந்த 18 பேரும் பேரவையில் அரசுக்கு எதிராக வாக்களித்தவர்கள் அல்ல. பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்தவர்கள் பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர். அவர்கள் பதவி தப்பியது; பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆனார். கடிதம் கொடுத்தவருக்கு ஒரு மாதத்துக்குள் தண்டனை, எதிர்த்து வாக்களித்தவருக்கு நாற்காலி. கட்சித் தாவல் தடைச் சட்டத்தை இதைவிடக் கேலிக்குள்ளாக்க முடியாது.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைத்தேர்தல் அறிவிக்கத் தடை விழுந்தது. 2018 ஜூனில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். அக்டோபர் 25-ல் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல் 18-ல்தான் வாக்குப்பதிவு நடந்தது. அதற்குள் இரண்டு பட்ஜெட்டுகள் சோளிங்கரின் குரல் இல்லாமலேயே நிறைவேறிவிட்டன.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது, தேர்தல் நடக்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் வந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். ஆக, அந்த இருபது மாதங்களில் சோளிங்கர்க்காரர் ஒருவர் குடிநீர்க் குழாய்க்கோ பட்டாவுக்கோ யாரிடம் போவது? வார்டு உறுப்பினர் இல்லை, ஊராட்சித் தலைவர் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்று மிஞ்சியது அரக்கோணம் எம்.பி. மட்டும். மற்றதெல்லாம் அதிகாரிகள் கையில். மனு நீட்டலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது.

குடியாத்தத்தின் கதை இன்னும் பரிதாபம். இடைத்தேர்தலில் வென்ற தி.மு.க.வின் காத்தவராயன் 2020 பிப்ரவரியில் காலமானார். பிறகு இடைத்தேர்தலே நடக்கவில்லை. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் பாதிக்கும் மேல் அத்தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை.

சோளிங்கர் இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் ஜி. சம்பத் வென்றார். அப்போது 22 இடைத்தேர்தல்களில் கிடைத்த ஒன்பது வெற்றிகளால்தான் பழனிசாமி அரசு பிழைத்தது; அவற்றில் இதுவும் ஒன்று. 2021-ல் கூட்டணிப் பங்கீட்டில் அதே தொகுதி பா.ம.க.வுக்குத் தரப்பட்டது. காங்கிரஸின் ஏ.எம். முனிரத்தினம் வென்றார்.

அந்த பா.ம.க.வும் 2025-ல் தலைமைச் சண்டையில் சிக்கியது. ஏப்ரலில் நிறுவனர் ராமதாஸ் தானே தலைவர் என்று அறிவித்தார். செப்டம்பரில் மகன் அன்புமணியைக் கட்சியிலிருந்து நீக்குவதாகச் சொன்னார். அதே மாதம், அ.தி.மு.க.வில் பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று பத்து நாள் கெடு விதித்த செங்கோட்டையன் மறுநாளே பொறுப்புகளை இழந்தார், அக்டோபரில் கட்சியை விட்டே நீக்கப்பட்டார், நவம்பரில் த.வெ.க.வில் சேர்ந்தார்.

இந்தச் சண்டைகள் பொதுவெளியில் வெடிப்பதற்குக் காரணம் தனிநபர் ஆசை மட்டுமல்ல. கட்சிக்குள் அவற்றைத் தீர்க்க வழி இல்லை. அ.தி.மு.க. பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. 2022-ல் அந்தப் பதவியை மீட்டபோது, போட்டியிட விரும்புபவரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய, பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தி.மு.க.வில் மு.க. ஸ்டாலின் 2018-லும் 2022-லும் தலைவரானதும் போட்டியின்றியே. காங்கிரஸில் 2022 அக்டோபரில் கார்கேவுக்கு 7,897 வாக்கும் சசி தரூருக்கு 1,072 வாக்கும் விழுந்தன. முடிவு முன்பே தெரிந்த போட்டிதான். ஆனாலும் தோற்றவர் கட்சியில் நீடித்தார், எந்த எம்.எல்.ஏ.வையும் விடுதியில் அடைக்க வேண்டியிருக்கவில்லை.

கட்சிகள் தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தாத கட்சியின் பதிவை அதற்காக ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை; 2002-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய நிலை அது. ரகசிய வாக்கெடுப்பும் உறுப்பினர் பட்டியல் வெளியீடும் கட்டாயம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். தகுதிநீக்க மனுக்களைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஆளுங்கட்சியின் சீட்டில் வென்று வந்தவரிடம் நடுநிலை எதிர்பார்ப்பது வீண். இவ்வழக்குகளை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையில் தெலங்கானா வழக்கில் மீண்டும் மூன்று மாதக் கெடு விதித்து, பேரவைத் தலைவரிடமே இந்த அதிகாரம் இருக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றது.

வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் சோளிங்கர், ஆம்பூர், குடியாத்தம் வாக்காளர்கள் இதைக் கேட்கட்டும்: உங்கள் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க நீங்கள் கடைசியாக எப்போது வாக்களித்தீர்கள்?