வானத்தைப் பார்க்கவும் காத்திருப்போர் பட்டியல்!

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரெயிலில் இடம் பிடிப்பது எத்தனை கஷ்டம் என்பது பெங்களூர்த் தமிழர்களுக்குத் தெரியும். அதைவிடக் கடுமையான ‘ரிசர்வேஷன்’ ஒன்று இதே ஊரில் நடக்கிறது. பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு பெறுவதற்கு விஞ்ஞானிகளிடையே நடக்கும் போட்டிதான் அது.

கோரமங்கலாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் இரண்டு பெரிய தொலைநோக்கிகள் உள்ளன. ஒன்று, ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்டது. 1986 ஜனவரி 6-ந்தேதி பிரதமர் ராஜீவ்காந்தி திறந்து வைத்தார். மற்றொன்று, லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கி. இதை ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் தொடர்பு மூலம் இயக்குகிறார்கள்.

மனுவில் என்ன கேட்கிறார்கள்?

ஹான்லேக்கு ஆண்டுக்கு மூன்று முறை மனு வாங்குகிறார்கள். எந்த நட்சத்திரம், எதற்காக, எந்தக் கருவி, எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். மங்கலான பொருளைப் பார்ப்பவருக்கு அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் உதவும். அதற்குத்தான் அடிதடி! நிபுணர் குழு மனுக்களைத் தரம் பிரித்து இரவுகளை ஒதுக்குகிறது. கிடைத்த இரவில் மேகம் மூடினால் போனது போனதுதான்.

‘எமர்ஜென்சி கோட்டா’வும் உண்டு. 2023 மே 19-ந்தேதி, சுமார் 2 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு நட்சத்திரம் வெடித்தது கண்டுபிடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிகழ்ச்சி அடுத்த ஒதுக்கீடு வரை காத்திருக்காது. ஹான்லே தொலைநோக்கியும் அதன் பக்கம் திரும்பியது.

சிபாரிசு செல்லுமா என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவின் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு 2018 முதல் மனுதாரரின் பெயரை மறைத்தே பரிசீலிக்கிறார்கள். பெரிய பெயருக்கு அல்ல, நல்ல யோசனைக்கே இடம் என்பது நோக்கம்.

பங்கு இல்லாதவர் கதி

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு எந்த நாட்டவரும் மனுச் செய்யலாம். 2024 அக்டோபரில் வந்த மனுக்கள் 2,377. கேட்ட நேரம் சுமார் 78,000 மணி. ஓர் ஆண்டுக்கு இருப்பதோ 8,760 மணிதான்! தரையில் உள்ள ராட்சதத் தொலைநோக்கிகளில் நிலைமை வேறு. பணம் போட்ட நாடுகளுக்கே பெரும்பாலான இரவுகள்.

இந்தியாவில் உள்ள பெரிய ஒளித் தொலைநோக்கிகளில் ஒன்று, 2016-ல் நைனிடால் அருகே தேவஸ்தலில் இயங்கத் தொடங்கிய 3.6 மீட்டர் தொலைநோக்கி. வெளிநாடுகளில் 8 மீட்டர், 10 மீட்டர் தொலைநோக்கிகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஹவாய்த் தீவில் அமைய இருந்த 30 மீட்டர் தொலைநோக்கியில் பத்தில் ஒரு பங்கு சேர 2014-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதன் கண்ணாடித் துண்டுகள் சிலவற்றை மெருகேற்றும் கூடம் ஹொசகோட்டேயில் உள்ளது.

ஆனால், மௌன கியா மலை தங்களுக்குப் புனிதமானது என்று ஹவாய்ப் பூர்வகுடியினர் 2015-லும் 2019-லும் பாதையை மறித்தனர். அவர்கள் கோரிக்கையை அலட்சியம் செய்ய முடியாது. 2025-ல் அமெரிக்க அறிவியல் அமைப்பும் கைவிரித்தது. தங்கள் லா பால்மா தீவுக்கு வந்தால் 40 கோடி யூரோ தருவதாக ஸ்பெயின் அழைத்தது.

2014-ல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார். அவர் எதிர்பார்த்த இரவு வரவில்லை. பிறர் மலையை நம்பியிருந்ததன் விலை இது.

காவலூரில் வெறும் 1 மீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு 1977 மார்ச் 10-ந்தேதி யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கு பெற்றவர்கள் நம்மவர்கள். திறமைக்குப் பஞ்சமில்லை. ஹான்லேயில் சொந்தமாக ராட்சதத் தொலைநோக்கி அமைக்கும் யோசனையும் இருக்கிறது. அது தாளிலேயே நின்றால், அடுத்த தலைமுறையும் காத்திருப்போர் பட்டியலில்தான் நிற்கும்.