மீட்டர் காட்டுகிற நம்பர் மட்டும் போதுமா?

2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக் கிணறுகளும் காய்ந்துபோய், ஆளாளுக்கு ஆழமாக போர் போட்டோம். தண்ணீர் வந்ததே பெரிசு என்றிருந்தோம். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க வேண்டி வந்தது. "கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும்" என்றேன் நான். பக்கத்து வீட்டுப் பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டுப் பார்த்து, "450தான் ஆன்ட்டி, 500க்குள்ள இருந்தா நல்ல தண்ணி" என்றான். மகளுக்கு மனசு கேட்கவில்லை. ஆய்வகத்துக்குக் கொடுத்தாள். நைட்ரேட் லிட்டருக்கு 70 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியத் தரக் கணக்குப்படி 45க்கு மேல் கூடாது. மலக்கிருமியும் இருந்தது!

விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பைத்தான் காட்டும். என்ன உப்பு என்று சொல்லாது, கிருமியையும் காட்டாது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் அளவு கூடத்தான் செய்யும். பச்சிளங்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உடம்பு நீலம் பாரித்துவிடுமாம். கேட்டதும் எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அதன்பின் வேறு தண்ணீரைச் சோதித்துப் பார்த்தே குழந்தைக்குக் கொடுத்தோம்.

நம் பக்கம் அடியில் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடுகிறது. ஒரு வீட்டு செப்டிக் டேங்க் கசிந்தால் அடுத்த வீட்டு போருக்குப் போகாதா? ஆகவே இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை, தெருப் பிரச்சினை.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருகிறார்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் சுத்தம் செய்த பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை போதும். நான்கு வீட்டார் சேர்ந்தால் செலவும் குறையும். முடிவை மறைக்காமல் தெருவில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

புடவை வாங்கும்போது சாயம் போகுமா என்று பத்து தரம் கேட்கிற நாம், தினமும் குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஒரு தரமாவது கேட்க வேண்டாமா சகோதரிகளே?

- ஒரு பாட்டி, கிழக்குத் தாம்பரம்.