மெனுவில் எழுதிய குறுக்குவிசை தானே இயங்கிவிடுமா?

மெனுவில் ‘சேமி’ என்ற கட்டளைக்கு எதிரே ‘கன்ட்ரோல்+எஸ்’ என்று குறித்துவிட்டால், அந்தக் குறுக்குவிசை, அதாவது மெனுவைத் திறக்காமலேயே கட்டளையை இயக்கும் விசைச் சேர்க்கை, தானாகவே வேலை செய்யும் என்ற கருத்து நிரல் எழுதுவோரிடையே பரவலாக உள்ளது. மவுஸைப் பிடிக்க இயலாதவர்க்கும் பார்வையற்றோர்க்கும் விசைகளே வழி என்பதால், இக்கருத்தை அப்படியே விட்டுவிடுவதற்கில்லை.

முதலாவதாக, பைதான் மொழியுடன் வரும் டிகின்டர் என்ற இடைமுகத் தொகுப்பில், மெனு உருப்படிக்குத் தரப்படும் ‘ஆக்சிலரேட்டர்’ என்ற பண்பு திரையில் தெரியும் எழுத்து மட்டுமே. விசையைச் செயலோடு இணைக்க ‘பைண்ட்’ என்பதைத் தனியே எழுதியாக வேண்டும். ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் ‘செட்ஆக்சிலரேட்டர்’ எழுத்தைக் காட்டுவதோடு செயலையும் இணைத்துவிடுகிறது என்பது உண்மையே; ஆனால் அதை வைத்து மற்றவையும் அப்படியே என்று முடிவு கட்டுவது பொருந்தாது.

அடுத்து, இவ்விரு தொகுப்புகளிலும் விசையழுத்தத்தை முதலில் பெறுவது மெனுதான் என்ற எண்ணமும் தவறு. அழுத்தம் ஒரு நிகழ்வாகச் சென்று சேர்வது, அந்நேரத்தில் தட்டச்சை ஏற்கும் கூறையே. டிகின்டரின் உரைப்பெட்டிக்குக் கன்ட்ரோல்+ஓ அழுத்தினால் புதிய வரியைச் செருகும் இயல்பு முன்பே உண்டு. நிகழ்வு முதலில் பெட்டிக்கும், பின் அப்பெட்டி சார்ந்த வகைக்கும், அதன் பிறகே சாளரத்துக்கும் செல்வதால், கோப்பைத் திறக்கும் செயலைச் சாளரத்தோடு இணைத்திருந்தால், அது தொடங்கும் முன்பே பயனரின் உரையில் வேண்டாத ஒரு வரி நுழைந்திருக்கும். சாளரத்து இணைப்பிலிருந்து ‘பிரேக்’ என்ற சொல்லைத் திருப்பி அனுப்பினாலும் பயனில்லை. உரைப்பெட்டியிலேயே இணைத்து அங்கிருந்து அனுப்பினால்தான் நிகழ்வு அத்துடன் நிற்கும். ஸ்விங்கும் இதற்கு விலக்கன்று: அங்கே கன்ட்ரோல்+எச் உரைப்பகுதியில் முந்தைய எழுத்தை அழிக்கும் விசை என்பதால், கர்சர் அங்கிருக்கும் வரை, அதே விசை தரப்பட்ட மெனுக் கட்டளை இயங்காது.

சிறிய எழுத்தானாலும் பெரிய எழுத்தானாலும் விசை ஒன்றுதானே என்பாரும் உளர். ஆனால் டிகின்டரில் சிறிய ‘எஸ்’ எழுத்துக்கு இணைத்த செயல், கேப்ஸ் லாக் போட்டிருக்கும்போது இயங்குவதில்லை. பெரிய எழுத்துக்கும் தனியே இணைக்க வேண்டும்.

மெனுவில் மங்கலாக்கிய கட்டளை விசையை அழுத்தினாலும் இயங்காது என்ற நம்பிக்கையே இவற்றில் மிகவும் ஆபத்தானது. விண்டோஸின் ‘டிரான்ஸ்லேட்ஆக்சிலரேட்டர்’ என்ற செயற்கூறு மெனு உருப்படியின் நிலையைப் பார்த்து, அது முடக்கப்பட்டிருந்தால் கட்டளையை அனுப்புவதில்லை. டிகின்டரிலோ ‘பைண்ட்’ வழி இணைத்த செயலுக்கு மெனுவின் நிலை தெரியாது. ஆகவே மங்கலாகக் கிடக்கும் ‘நீக்கு’ என்ற கட்டளை, விசையை அழுத்தியதும் நீக்கியே விடும். அந்த நிலையைச் செயலுக்குள்ளேயே சோதிப்பது நிரலரின் பொறுப்பு.

மெனுவை எழுதி முடித்தவர்கள், கர்சரை உரைப்பெட்டியில் வைத்தும், கேப்ஸ் லாக்கைப் போட்டும், கட்டளையை முடக்கியும் ஒவ்வொரு குறுக்குவிசையையும் அழுத்திப் பார்த்த பிறகே நிரலைப் பயனர் கையில் தர வேண்டும்.