சூரியனுக்குக் கோபமா?

சூரியன் ஒரு தெய்வமென்றும், ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகிறானென்றும், அவனுடைய திசை ஆறு வருஷம் நடக்குமென்றும், அது கெட்டால் பரிகாரம் செய்ய வேண்டுமென்றும் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு நம் நாட்டில் இன்றும் குறைவில்லை. அவர்களை ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். 1989-ம் வருஷம் மார்ச்சு மாதம் 13-ந் தேதி, கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் ஜனங்கள் 9 மணி நேரம் மின்சாரமில்லாமல் தவித்தார்கள். அது சூரியனால் வந்த வினைதான். அத்தனை பேருடைய ஜாதகத்திலும் ஒரே சமயத்தில் சூரியன் கெட்டுப்போனானா?

தோழர்களே! காரணம் ஜாதகத்தில் இல்லை, காந்தத்தில் இருக்கிறது. சூரியன் கொதிக்கும் வாயு உருண்டை. அதன் நடுப்பாகம் ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 25 நாளாகிறது. துருவப் பக்கமோ சுமார் 35 நாளாகிறது. இந்த வித்தியாசத்தாலும் உள்ளே நடக்கும் கொதிப்பாலும் காந்தக் கோடுகள் கயிறு திரிப்பதுபோல் முறுக்கேறுகின்றன. அவை மிகுந்த பலத்துடன் மேலே கிளம்புமிடந்தான் கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளியில் காந்தமிருப்பதை 1908-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கண்டு காட்டினார். முறுக்கு எல்லை மீறினால் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்திருந்த சக்தி வெடித்துக் கிளம்புகிறது. பெரிய வெடிப்பின்போது அவ்விடத்துக் காந்தப்புலம் சில நிமிஷத்தில் மாறி, மாறியபடியே நிற்பதையும் கருவிகளால் அளந்திருக்கிறார்கள். வெடிப்பின் ஒளி பூமிக்கு வர எட்டு நிமிஷம். வீசியெறியப்பட்ட மின்வாயு வர ஒன்றிரண்டு நாள் அல்லது மூன்று நாள். அது பூமியின் காந்தத்தைக் குலுக்க, மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் பாய்கிறது. கியூபெக்கில் நடந்தது இதுவே. இதில் கோபம் எங்கே? சாந்தி செய்வது யாருக்கு?

"எந்த மணிக்கு வெடிக்குமென்று விஞ்ஞானிக்கும் திட்டமாய்ச் சொல்லத் தெரியாதே" என்பார்கள். மெய்தான். ஆனால் அவன் தெரியாததைத் தெரியாதென்கிறான், தெரிந்துகொள்ள அளக்கிறான். கொடைக்கானல் ஆராய்ச்சிக் கூடத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அனுப்பிய ஆதித்யா விண்கலத்துக்குப் பெயர் என்னமோ பழைய பெயர்தான். அதில் ஏற்றியது காந்தமானியே தவிர கற்பூரமல்ல. 2024 மே மாதத்துப் பெரும் காந்தப் புயலை முன்கூட்டி எச்சரித்ததும் கருவியேயன்றிப் பஞ்சாங்கமல்ல.

ஆகவே, சூரிய திசையென்று தட்சிணை கேட்டு வருகிறவரை, "சூரியனில் இன்று எத்தனை புள்ளி?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு மடியை அவிழ்க்கலாம்.